எதிரும் எதிருமாக இரண்டு ரமணிகள்

‘ரமணி வெர்சஸ் ரமணி’ பார்த்திருக்கிறீர்களா என்று ஐம்பது வயதைத் தொட்ட யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். முதலில் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அதற்குப் பிறகுதான் பதில் வரும். கதை என்ன என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. சொல்லும்படியாகப் பெரிய கதை அதில் இல்லை. கணவன் பெயர் ரமணி. மனைவி பெயரும் ரமணி. சண்டை போடுவார்கள், சமாதானம் ஆவார்கள், மறுபடியும் சண்டை போடுவார்கள். அவ்வளவுதான்.

1998இல் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் வந்த தொடர் இது. இயக்குநர் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்தது. இயக்கியவர் நாகா. இந்தப் பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு வேறொரு நினைவு வரும். ‘மர்மதேசம்’, அதிலும் குறிப்பாக ‘விடாது கருப்பு’ எடுத்தவர் அவர்தான். தோட்டத்து முனியாண்டி கோயில் பக்கம் இருட்டிய பிறகு போகப் பயந்த பிள்ளைகளை, அந்தக் குதிரைச் சத்தத்தால் இன்னும் கொஞ்சம் பயமுறுத்தியவர். அதே மனிதர் ஒரு சின்ன வீட்டுக்குள் இரண்டு பேரை உட்கார வைத்து நம்மைச் சிரிக்கவும் வைத்தார்.

தலைப்பைக் கேட்டால் ‘கிரேமர் வெர்சஸ் கிரேமர்’ ஞாபகம் வரும். 1979இல் வெளிவந்து ஆஸ்கார் வாங்கிய ஹாலிவுட் படம். அங்கே கணவனும் மனைவியும் பிரிந்து, பிள்ளைக்காக நீதிமன்றப் படி ஏறுகிறார்கள். நம் ரமணிகளின் வழக்கு வீட்டு வாசலைத் தாண்டுவதே இல்லை. வாதியும் பிரதிவாதியும் அவர்களே. தீர்ப்பு ஒருநாளும் வராது. வந்தால் அடுத்த வாரம் நாடகம் ஏது?

அந்த நாளில் நான் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்துகொண்டு, அங்கேயே ஓர் அறையில் வாடகைக்குத் தங்கியிருந்தேன். அப்பாவும் அம்மாவும் கிள்ளானில். 1996இல் அஸ்ட்ரோ வந்து வானவில்லும் வந்துவிட்டது என்றாலும், எங்கள் வீட்டுக் கூரையில் அந்தத் தட்டு ஏற இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. ஆகவே கேசட்தான். துன் சம்பந்தன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், சென்னையில் ஒளிபரப்பான நாடகங்களைப் பதிவு செய்து வாடகைக்குக் கொடுக்கும் கடை இருந்தது. நடுநடுவே சென்னை ஜவுளிக்கடை விளம்பரங்களும் ஓடும். சனிக்கிழமை மத்தியானம் இரண்டு கேசட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு, பசார் செனி பக்கத்திலிருந்த கிள்ளான் பேருந்து நிலையத்தில் பஸ் பிடிப்பேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மா கேட்பார்: “அந்தச் சண்டை நாடகம் கிடைச்சுதா?”

அம்மா அதன் பெயரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அதற்குக் காரணம் உண்டு.

பெயர் சொல்லாத வாய்

என் அப்பாவின் பெயர் சுப்பிரமணியம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். வீட்டிலும் வேலையிடத்திலும் எல்லாருக்கும் ‘மணி’. அம்மாவுக்கு மட்டும் ‘என்னங்க’. புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பது தோட்டத்து லயத்தில் என் பாட்டி கற்றுக்கொடுத்தது. அம்மா அதைக் கடைசி எழுத்து வரை கடைப்பிடித்தார். ‘மணி என்ன?’ என்று கேட்கமாட்டார். ‘நேரம் என்னாச்சு?’ என்பார். தைப்பூசத்தில் ‘வேலா, முருகா’ என்று மனமுருகக் கூப்பிடுவார். ‘சுப்பிரமணியா’ மட்டும் வராது. மணத்தக்காளிக் கீரைகூட அவர் வாயில் ‘அந்தச் சின்னக் கறுப்புப் பழக் கீரை’தான். அதில் ‘மணி’ இல்லையே அம்மா என்றால், ‘பக்கத்துல வருதுல்ல’ என்பார்.

நம் நாட்டில் பெண்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. கல்யாணமானாலும் அடையாள அட்டையில் அப்பா பெயர்தான் இருக்கும். அதனால் அம்மாவுக்குப் பெரும்பாலும் சிக்கல் வந்ததில்லை. கிளினிக் பாரங்களில்தான் வம்பு. முகப்பில் இருக்கும் மலாய்ப் பெண் ‘நாமா சுவாமி?’ என்று கேட்பார். மலாயில் ‘சுவாமி’ என்றால் கணவன். அம்மா ஒரு தடவை கொஞ்சமும் தயங்காமல், “பத்துமலையில இருக்காரே, அந்தச் சாமி பேருதான்” என்று தமிழில் பதில் சொன்னார். அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அம்மாவும் என்னைப் பார்த்தார். நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

அப்படிப்பட்டவர் ‘ரமணி’ என்று எப்படிச் சொல்வார்? அதற்குள்தான் ‘மணி’ இருக்கிறதே!

ஆனால் அந்த நாடகத்தின் அடிப்படை விஷயம் அவரை ரொம்பவே யோசிக்க வைத்தது. ஒருநாள் அரிசி களைந்துகொண்டே சொன்னார்: “பேரு ஒண்ணா இருந்தா நல்லதுதான். அவ பேரைச் சொன்னா அவன் பேரைச் சொன்ன மாதிரியும் ஆச்சு, சொல்லாத மாதிரியும் ஆச்சு.”

அப்பா அம்மாவை ஒரு நாளைக்கு இருபது தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுவார். “சரசு, தண்ணி.” “சரசு, மூக்குக் கண்ணாடி எங்க?” அதில் அதிகாரமோ கோபமோ கிடையாது. நல்ல மனிதர்தான். ஆனால் ஒருவர் கூப்பிடுவதும் இன்னொருவர் ‘என்னங்க’ என்று வந்து நிற்பதுமாகத்தான் எங்கள் வீடு இருந்தது. உங்கள் வீடும் அநேகமாக அப்படித்தான் இருந்திருக்கும்.

பதிலுக்குப் பதில் பேசும் மனைவி

முதல் பாகத்தில் கணவர் ரமணியாக வந்தவர் பப்லு என்கிற பிருத்விராஜ். குழந்தை நட்சத்திரமாகவே திரைக்கு வந்துவிட்டவர். பாலசந்தரின் ‘வானமே எல்லை’யில் வரும் இளைஞர்களில் ஒருவர். மனைவி ரமணியாக வந்தவர் வாசுகி ஆனந்த். சில ஆண்டுகள் கழித்து வந்த இரண்டாம் பாகத்தில் ஜோடியே மாறிவிட்டது. கணவராக ராம்ஜி, மனைவியாகத் தேவதர்ஷினி.

இப்போதைய தினசரித் தொடர்களில் நடிகர் மாறினால் ‘இவருக்குப் பதில் இனி இவர்’ என்று அட்டை போடுகிறார்கள். நமக்கும் நான்கு நாள் கோபம் வருகிறது. ரமணிகள் இருவரும் ஒரேயடியாக மாறியபோது எங்கள் வீட்டில் யாரும் கோபப்படவில்லை. அம்மா பார்த்த முதல் கேசட் முடிந்ததும் சொன்னது இதுதான்: “ஆளு புதுசு, சண்டை பழசு.” அவர் சொன்னது சரி. அந்த நாடகத்தில் நிலையாக இருந்தது முகமல்ல, பேச்சுக்குப் பேச்சு நிற்கும் அந்தச் சமநிலை.

யோசித்துப் பார்த்தால் நம் திரைக்கு இது அவ்வளவு பழக்கமானதல்ல. கணவனும் மனைவியும் சரிக்குச் சரி நின்று சிரிக்க வைப்பது என்றால் முதலில் நினைவுக்கு வருவது என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும்தான். திரையிலும் ஜோடி, வாழ்க்கையிலும் ஜோடி. கலைவாணர் ஒன்று சொன்னால் மதுரம் அதற்கு மேல் ஒன்று சொல்வார். அதற்குப் பிறகு வந்த படங்கள் பலவற்றில் நகைச்சுவை என்பது ஆண்களின் வேலையாகிவிட்டது. மனைவி என்றால் ஒன்று அடிக்கிற மனைவி, இல்லை அழுகிற மனைவி. இரண்டும் இல்லாமல், தன் பக்க நியாயத்தைச் சிரித்துக்கொண்டே சொல்லும் ஒரு மனைவியை வாசுகியும் தேவதர்ஷினியும் கொண்டுவந்தார்கள்.

தேவதர்ஷினியைப் பிறகு நாம் எத்தனையோ படங்களில் பார்த்துவிட்டோம். ‘பார்த்திபன் கனவு’வில் விவேக்கின் மனைவி, ‘காஞ்சனா’வில் கோவை சரளாவின் மருமகள். எதிரில் நிற்பவர் எவ்வளவு பெரிய நகைச்சுவைக்காரராக இருந்தாலும் இவர் அசையமாட்டார். வசனம் முடிந்து ஒரு விநாடி விட்டு, கண்ணை லேசாகச் சுருக்கி ஒரு வார்த்தை சொல்வார். அந்த ஒரு விநாடி அவருக்கு ரமணி காலத்திலேயே வசப்பட்டிருந்தது.

பப்லுவும் ராம்ஜியும் செய்தது இன்னும் கடினமான காரியம் என்று எனக்குத் தோன்றும். தோற்றுப்போகும் கணவனைக் கோமாளியாக்காமல் நடிப்பது லேசில்லை. மனைவியின் பேச்சில் நியாயம் இருக்கிறது என்று முகத்தில் தெரியவேண்டும். அதை ஒப்புக்கொள்ள மனசில்லை என்பதும் அதே முகத்தில் தெரியவேண்டும். என் அப்பா அந்த முகத்தை நன்றாக அடையாளம் கண்டுகொண்டார். “பாவம்லா அவன்” என்பார்.

அங்கேதான் எங்கள் வீட்டிலும் வழக்கு ஆரம்பித்தது. அப்பா அந்த ரமணி கட்சி, அம்மா இந்த ரமணி கட்சி. “அவ சொல்றதுல என்ன தப்பு? பொழுதன்னைக்கும் அவளே எழுந்து போகணுமா?” என்று அம்மா டிவியைப் பார்த்துச் சொல்வார். அது டிவிக்குச் சொன்னதல்ல என்று எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். ஒரு சனிக்கிழமை ராத்திரி கேசட் முடிந்ததும் அப்பா தன் தேநீர்க் குவளையைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. அம்மா ஜாடையாக என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து அந்தக் குவளை அப்பா பொறுப்பு.

நிஜத்திலும் ஜோடியா?

இப்படிப்பட்ட நாடகங்களைப் பார்க்கும் நமக்கு ஓர் ஆசை உண்டு. இவர்கள் நிஜத்திலும் ஜோடியாக இருந்தால் என்ன என்பது. 1951இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’ தொடரில் கணவன் மனைவியாக வந்த லூசில் பாலும் தேசி அர்னாஸும் நிஜத் தம்பதியே. ஊரே கொண்டாடியது. 1960இல் அவர்கள் விவாகரத்துப் பெற்றார்கள். நம் பக்கத்தில் ‘சரவணன் மீனாட்சி’யில் இணைந்த மிர்ச்சி செந்திலும் ஸ்ரீஜாவும் 2014இல் நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டபோது, கிள்ளானில் என் தோழி ஒருத்தி தன் வீட்டுக் கல்யாணம்போல வட்டாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ரமணிகள் விஷயத்தில் அந்த ஆசைக்கு இடமில்லை. தேவதர்ஷினியின் கணவர் வேறொரு நடிகர், சேத்தன். ‘மெட்டி ஒலி’யில் மாணிக்கமாக வந்து நம் வீட்டுப் பெண்களிடம் வண்டி வண்டியாகத் திட்டு வாங்கினாரே, அவரேதான். ‘விடுதலை’யில் அந்தக் கொடூரமான போலீஸ் அதிகாரியும் அவரே. இருவரும் சேர்ந்து நடித்தது நாகாவின் ‘விடாது கருப்பு’வில். ஆக, பேய்க்கதையில் சந்தித்தவர்கள் வாழ்க்கையில் ஜோடியானார்கள். காதல் நகைச்சுவையில் ஜோடியாக வந்தவர்கள் படப்பிடிப்பு முடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். பின்னாளில் ‘96’ படத்தில் தேவதர்ஷினியின் பள்ளிப் பருவ வேடத்தில் அவருடைய மகளே நடித்தார்.

எனக்கு இது நல்ல செய்தியாகவே படுகிறது. சரிக்குச் சரியாகப் பேசும் அந்தத் தம்பதி இரு நடிகர்களின் சொந்த அதிர்ஷ்டம் அல்ல. எழுதினால் எழுத வரும், நடித்தால் நடிக்க வரும், பழகினால் பழக வரும் என்று ஆகிறதல்லவா?

சொல்லியே ஆகவேண்டிய நாள்

2009இல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாளும் கண் திறக்கவில்லை. தாதி ஓர் இளம் மலாய்ப் பெண். அப்பாவின் கன்னத்தைத் தட்டி, ‘பாச்சே, பாச்சே’ என்று கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, நீங்கள் கூப்பிடுங்கள் ஆண்ட்டி, அவருக்குப் பழகிய குரல், பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றார்.

அம்மா குனிந்து “என்னங்க” என்றார். தாதி தலையை ஆட்டினார். “நாமா, ஆண்ட்டி. நாமா.”

அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்பது வருடப் பழக்கம். நான் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். அப்பாவின் காதருகே போய், அடித் தொண்டையில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டு, “ரமணி” என்றார். எனக்குக் கேட்டது ‘மணி’ மட்டும்தான். இன்னொரு தடவை சொன்னார். மூன்றாவது தடவை அந்த ‘ர’வும் இல்லை. “மணி. இந்தா மணி. எழுந்திரு.”

அப்பா கண் திறந்தது மறுநாள். அதற்கும் அம்மா கூப்பிட்டதற்கும் சம்பந்தம் உண்டு என்று நான் சொல்லமாட்டேன். அம்மா சொல்வார்.

அதன் பிறகு அப்பா ஏழு வருடம் இருந்தார். வலது கை சரியாக வரவில்லை, பேச்சும் குழறியது. குவளை கழுவும் வேலை மறுபடி அம்மாவிடம் வந்தது. ஆனால் கூப்பிடுவது மாறவில்லை. சக்கர நாற்காலியில் அவரைத் திண்ணைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, “மணி, காலைத் தூக்கு” என்று அம்மா சொல்வார். அப்பா முறைப்பார். அந்த முறைப்பில் ஒரு சிரிப்பு இருக்கும். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். அம்மா கண்டுகொள்ளவில்லை. 2016இல் அப்பா போனார்.

முதல் பாகத்து மனைவி, இரண்டாம் பாகத்துக் கணவர்

2022 மார்ச்சில் ‘ரமணி வெர்சஸ் ரமணி 3.0’ ஆஹா தளத்தில் வந்தது. மறுபடியும் நாகாதான் இயக்கம். பாலசந்தர் 2014இலேயே மறைந்துவிட்டார். ஆனாலும் அவருடைய கவிதாலயா பெயர் இருந்தது. பிருத்விராஜ் இதற்குள் ‘வாணி ராணி’ முடித்து, அடுத்த ஆண்டு இந்தியில் ‘அனிமல்’ படத்தில் வரும் அளவுக்கு வேறு உயரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார். தேவதர்ஷினிக்குக் கைநிறையப் படங்கள். ஆகவே இந்தத் தடவை ஜோடி புதுமாதிரி. கணவர் ராம்ஜி, மனைவி வாசுகி. அதாவது இரண்டாம் பாகத்துக் கணவரும் முதல் பாகத்து மனைவியும். 24 வருடம் கழித்து வாசுகி மறுபடி ரமணியாகிறார்.

அம்மாவுக்கு என் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு கண்டுபிடித்துவிட்டார்.

“இவ மொத நாடகத்துப் பொண்ணு. இவன் ரெண்டாவது நாடகத்துப் பையன்.”

“ஆமாம்மா.”

“அப்ப இவளோட ஆளு எங்க? அவனோட பொண்டாட்டி எங்க?”

அவர்கள் வேறு படங்களில் நடிக்கிறார்கள் என்றேன். அம்மா சரி என்றார். ஆனால் அவர் கேட்டது நடிகர்களைப் பற்றி மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ரெண்டு பேருக்கும் வயசாயிருச்சு. ஆனா வாய் குறையல” என்றார். குரலில் ஒரு திருப்தி.

பழைய பாகங்களைக் கவிதாலயா யூடியூபில் போட்டிருக்கிறது. இன்றைய பிள்ளைகள் பார்த்தால் படம் மங்கல், செட்டு சின்னது என்பார்கள். இருக்கட்டும். ஒரு வீட்டில் இரண்டு பேர் சரிசமமாக உட்கார்ந்து பேசிக்கொண்டால் எவ்வளவு வேடிக்கையாக இருக்கும் என்று எங்களுக்குக் காட்டியது அந்த மங்கல் படம்தான். மாமியார் விஷம் வைக்காமல், யாரும் மாடிப்படியில் உருண்டு விழாமல், அடுத்த வாரம் வரை நம்மைக் காத்திருக்க வைத்த நாடகம் அது. நாற்பது வருடம் பெயர் சொல்லாத ஒரு பெண்ணுக்குச் சொல்வதற்கு ஒரு பெயரையும் கொடுத்தது.

போன மாதம் அம்மா திடீரென்று கேட்டார்: “அந்த நாடகத்துல நடுவுல ஒரு இங்கிலீசு வருதே, வெர்சஸ், அப்படின்னா என்ன?”

“எதிர்னு அர்த்தம்மா. ரமணிக்கு எதிர் ரமணி.”

அம்மா அப்பாவின் காலி நாற்காலி இருந்த பக்கம் பார்த்தார்.

“எதிர்னா சண்டைக்காரங்கன்னு இல்ல. எதிர்ல உக்காந்திருக்கறது. எதிர்ல ஆளு இருந்தாத்தான் சண்டையே.”

பிறகு கைப்பேசியை என்னிடம் நீட்டினார். “அந்த ரமணி நாடகத்தைப் போடு. மொதல்ல இருந்து.”